கரடியின் இடது கன்னம்

வினைல் ஸ்டிக்கரின் பின்தாளை ஒரு சாண் உரித்துவிட்டேன். இனி வேண்டாம் என்று நிறுத்த முடியாது. பசை வெளியே வந்துவிட்டது, ஷெட்டில் மிதக்கிற தூசியெல்லாம் இனி அதைத்தான் தேடும். நிதானம். அவசரப்பட்டால் வினைல் மடங்கித் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் பிரியாது. கரடியின் மூக்குக்கு நேராக மேலிருந்து கீழே மாஸ்கிங் டேப் ஓடுகிறது. அதுதான் நடுக்கோடு. அதற்கு இடப்புறம் பாதிக் கரடி, வலப்புறம் பாதிக் கரடி. முதலில் இடப்பாதியைக் கதவைத் திறப்பதுபோல மடக்கி, பின்தாளை உரித்து எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். பிறகு டேப்பை எடுத்துவிட்டு வலப்பாதி. சொல்வதற்கு இவ்வளவுதான். இசக்கியப்பன் அண்ணாச்சி இத்தனை காலம் தள்ளுவண்டியில் ஐஸ் விற்றவர். இப்போது குட்டியானை லோடு வண்டி வாங்கி, அதன் முதுகில் தகரப் பெட்டி கட்டியிருக்கிறார். ஒரு பக்கம் ஐஸ் எடுத்துக் கொடுக்கிற ஜன்னல், மறுபக்கம் முழுக்க இந்தக் கரடி. நீல வானம், வெள்ளைக் கரடி, கையில் குச்சி ஐஸ். தகரம் சமமாக இருந்தால் கவலையில்லை, உறுதிக்காக வரிவரியாகப் பள்ளம் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் வினைல் இறங்கிப் படிய வேண்டும். "கரடி சிரிக்கணும் கோமதி தங்கச்சி" என்று நேற்றே சொல்லிவிட்டார். "சிரிச்சாத்தான் பிள்ளைக பக்கத்துல வரும்." கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஆவுடை திரும்பாமலே, "உங்க போட்டோவையே போட்டிருக்கலாம் அண்ணாச்சி, பிள்ளைக ஐஸ் கேக்காமலே காசக் குடுத்துட்டு ஓடியிருக்கும்" என்றாள். அவர் சிரித்தார். ஆவுடை சொன்னால் யாருக்கும் கோபம் வராது. அதையே நான் சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

மெதுவாக. இன்னும் ஒரு விரற்கடை. பட்டையை, அதாவது துணி சுற்றிய அந்தப் பிளாஸ்டிக் அட்டையை, சாய்த்துப் பிடித்து, மூக்கிலிருந்து இடப்பக்கமாக ஓர் இழுப்பு. சர்ர். நல்ல சத்தம். அடுத்த இழுப்பு முதல் இழுப்பின் மேல் பாதி ஏறிக்கொண்டு போக வேண்டும், நடுவில் காற்றுக்கு இடம் விடக் கூடாது. இந்த வினைலைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. நேற்று இரண்டு ரோலையும் எடுத்து மேஜையில் போட்டேன். ஒன்று தடித்தது, விறைப்பானது, ஒட்டுவதற்கு எளிது, தப்பாக வைத்துவிட்டால் எடுத்து மறுபடி வைக்கலாம். ஆனால் பள்ளத்தில் இறங்காது, மேலே பாலம்போல் நிற்கும், ஒரு கோடை வெயில் பட்டதும் சுருங்கி ஓரமெல்லாம் கருவாடு மாதிரி வளைந்துகொள்ளும். மற்றது மெலிசு. சூடு காட்டினால் சொன்னபடி கேட்கும், பள்ளத்தில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும், மழை வெயில் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் ஒட்டும்போது மன்னிக்காது. அந்த மெலிசு ரோலில் இந்த ஒரு கரடிக்குத்தான் துண்டு இருந்தது. "தடிச்சதே போதும் மதினி, அண்ணாச்சியும் அதத்தான கேட்டாரு" என்றாள் ஆவுடை. என் கையைப் பார்த்தாளா, ரோலைப் பார்த்தாளா, தெரியவில்லை. நான் மெலிசில் கை வைத்தேன். வரி போட்ட தகரத்துக்குத் தடித்ததை ஒட்டினோம் என்று எப்போதாவது இருந்திருக்கிறதா. இல்லை. இந்தக் கைக்காக இன்றைக்குத் தடித்ததை எடுத்தால் நாளையும் எடுப்பேன். அப்புறம் கடையில் எந்த வேலைக்கு எந்த வினைல் என்பதை நான் தீர்மானிக்க மாட்டேன், என் கட்டைவிரல் தீர்மானிக்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆவுடை ரோலைத் தூக்கிக்கொண்டு போனாள். பிரிண்டரில் மெலிசை மாட்டிக்கொண்டே, "சிவகாசிப் பையனுக்கு நாளைக்கு மத்தியானம் பதில் சொல்லணும் மதினி, ஒட்டுற வேலைக்கு வரட்டா வேண்டாமான்னு கேக்கான்" என்றாள். நாளைக்கு என்றால் இன்றைக்கு.

ஆவுடை என் வீட்டுக்காரரின் தங்கை. கடையில் ஆளுக்குப் பாதி. படம் வரைவது, அச்சடிப்பது, வெட்டுவது அவள். ஒட்டுவது நான். கோவில்பட்டி பஜாரில் பாதிக் கடைக் கண்ணாடியில் ஸ்டிக்கர் நான் ஒட்டியதுதான், பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்து போகும்போது கண்ணில் படும், ஓரம் தூக்கியிருக்கிறதா என்று பார்ப்பேன், தூக்கியிருக்காது. வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று ஆபரேஷன் செய்தார்கள். வலி போய்விட்டது. வலியோடு கட்டைவிரலில் இருந்த எல்லா உணர்ச்சியும் போய்விட்டது. வரும், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார், அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். ஆவுடை கேட்டபோது, "சரியாயிட்டு" என்றேன். அந்த ஒரு வார்த்தை அவ்வளவு லேசாக வந்தது. அஞ்சறைப் பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை விடுவேன், கடுகா வெந்தயமா என்று கேட்பேன். விரல் பதில் சொல்லாது. கொதிக்கிற டம்ளரைப் பிடித்தால் உள்ளங்கை கத்தும், கட்டைவிரல் மட்டும் யாருக்கோ என்று இருக்கும். வலிமை இருக்கிறது, அழுத்துகிறது, பிடிக்கிறது, கட்டர் ஓட்டுகிறது. பார்க்கிறவர்களுக்கு அது விரல்தான். ஒட்டுகிறவளுக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. மணலில் பாதி அளவு ஒரு தூசி வினைலுக்கு அடியில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரல் தடவிக்கொண்டே போகும்போது ஓர் இடத்தில் நிற்கும், இங்கே என்று சொல்லும். அப்படித்தான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தது. இழு. சர்ர். இப்போது பள்ளம், சூடு ஊதுகிற ஹீட் கன் எங்கே, இங்கே. தூரத்தில் பிடி, பக்கத்தில் கொண்டுபோனால் கரடி வெந்துவிடும். வினைல் பளபளப்பு மாறி மெத்தென்று ஆகிறது. துணியை வைத்துப் பள்ளத்துக்குள் அழுத்து. இறங்கிவிட்டது. பார்த்தாயா, மெலிசு மெலிசுதான்.

நான்காம் வகுப்பில் நோட்டுக்கு லேபிள் ஒட்டச் சோற்றுப் பருக்கையைத்தான் எடுப்போம். பசை வாங்கித் தர மாட்டார்கள். பருக்கையை நசுக்கித் தடவி லேபிளை வைத்தால் நடுவில் எங்கேயாவது ஒரு பருக்கை நசுங்காமல் கட்டியாக நிற்கும், என் பெயர் அந்தக் கட்டிமேல் ஏறி இறங்கும். நான் கட்டைவிரலால் அதைத் தேடி, அழுத்தி, நகர்த்தி, ஓரத்துக்குக் கொண்டுவந்து வெளியே தள்ளிவிடுவேன். மற்ற பிள்ளைகள் தங்கள் நோட்டையும் என்னிடம் நீட்டும். அப்போது இருந்தது விரல். இப்போது எதற்கு இந்த நினைப்பு. பருக்கை. கட்டி. ஆமாம், காலையில் துடைத்தது. அதுதான் உள்ளே உறுத்திக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி வண்டியைக் கோயிலில் பூஜை போட்டு நேராக இங்கே கொண்டுவந்துவிட்டார். வண்டி முழுக்க அவர் வீட்டம்மா சந்தனப் பொட்டு வைத்து நடுவில் குங்குமம் வைத்திருந்தார், பெட்டியில் கரடி வர வேண்டிய பக்கத்தில்தான் அதிகம். சந்தனம் காய்ந்து தகரத்தோடு தகரமாக இறுகிவிட்டது. "இன்னைக்கு வச்ச பொட்ட இன்னைக்கே அழிக்கவா தங்கச்சி, மனசுக்கு ஒரு மாதிரி இருக்கே" என்றார். "பொட்டு மேல ஒட்டுனா கரடிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும் அண்ணாச்சி" என்று ஆவுடை சொன்னாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் துடைத்தேன். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், பிறகு ஸ்பிரிட். பள்ளங்களுக்குள் துணியைக் குச்சியில் சுற்றிவிட்டுத் துடைத்தேன். கடைசியில் பழக்கதோஷம், கட்டைவிரலால் ஒரு முறை முழுக்கத் தடவிப் பார்த்தேன். விரல் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் இல்லாததால் சொல்லவில்லையா, சொல்லத் தெரியாததால் சொல்லவில்லையா. அப்போதே இடது கையால் இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் ஆவுடை ஏன் என்று கேட்டிருப்பாள். அதனால்தான் பார்க்கவில்லை. ஆமாம், அதனால்தான்.

பரவாயில்லை, போய்க்கொண்டிரு. கரடியின் கன்னம் வந்துவிட்டது. உள்ளே ரேடியோவில் யாரோ நேயர் விருப்பத்துக்குப் பெயர்ப் பட்டியல் வாசிக்கிறார்கள், ஆவுடைக்கு அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மின்விசிறியும் கரகரக்க வேண்டும். அண்ணாச்சி என் பின்னால் நடந்துகொண்டே பேசுகிறார். "கரடி ஐஸ் திங்குமா தங்கச்சி." "திங்கும் அண்ணாச்சி." "பனியில கெடக்கிற கரடிக்கு ஐஸ் என்னத்துக்கு. அதுக்குச் சூடா சுக்குக் காப்பி குடுத்தாத்தான சிரிக்கும்." உள்ளேயிருந்து ஆவுடை, "அப்ப வண்டியில சுக்குக் காப்பி விக்க வேண்டியதுதான" என்கிறாள். "அதுக்கு வேற கரடிலா போடணும்" என்கிறார் அண்ணாச்சி. சர்ர். சர்ர். சர்ர், டிக். என்ன அது. பட்டை எதிலோ ஏறி இறங்கியது. கையில் ஒன்றும் தெரியவில்லை, சத்தம்தான். சத்தமா, ரேடியோவா. திரும்ப இழுத்தேன். ரேடியோவில் பாட்டு வந்துவிட்டது, பாட்டுக்குள் ஒரு டிக் இருந்தால் எனக்கு எப்படித் தெரியும். கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, பள்ளத்தின் உதடுபோன்ற விளிம்பில். சந்தனப் பொட்டு ஒன்று அங்கே இருந்ததா. இருந்தது. எல்லா இடத்திலும்தான் இருந்தது. கட்டைவிரலை வைத்தேன். தடவினேன். இங்கே என்று சொல், சும்மாவாவது சொல். கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிற மாதிரி இருக்கிறது, வீட்டில் விளக்கு எரிகிறது, யாரும் வந்து திறக்கவில்லை. இடது கட்டைவிரலை வைத்தேன். அதற்கு உணர்ச்சி இருக்கிறது, பழக்கம் இல்லை. ஏதோ இருக்கிறது என்கிறது, இல்லை என்கிறது, திரும்பத் தடவினால் இருக்கலாம் என்கிறது. கண்ணைத் தகரத்தோடு வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளையில் என்ன தெரியும்.

விட்டுவிடலாம். விட்டால் இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. அண்ணாச்சி கரடியோடு கிளம்பிப் போவார், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சுற்றி நிற்கும், ஆவுடை சிவகாசிப் பையனுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். சித்திரை வரட்டும். தகரம் அடுப்பாகக் காயும்போது அந்தத் துணுக்கைச் சுற்றிக் காற்று விரியும், ஒரு கொப்புளம், பிறகு பள்ளத்தின் உதட்டோடு ஒரு கீறல், அந்தக் கீறலுக்குள் தூசி, மழை வந்தால் தண்ணீர். கரடியின் கன்னம் தோலுரிந்து தொங்கும். அண்ணாச்சி வந்து என்ன தங்கச்சி இது என்று கேட்பார், நான் வெயில் என்பேன். அதையும் லேசாகத்தான் சொல்வேன், சரியாயிட்டு என்று சொன்ன மாதிரியே. அப்படி இரண்டாவது பொய். அப்புறம் மூன்றாவது. எடுக்கலாம். எடுத்தால் மெலிசு இழுபடும், இழுத்துவிட்டால் கரடியின் வாய் கோணும், துண்டு வேறு கிடையாது, இந்தக் கரடி போனால் போனதுதான். அது ஆவுடையின் கண் முன்னால் நடக்கும். இவளால் இனி முடியாது என்பதற்கு வேறு என்ன வேண்டும். நாளையிலிருந்து நான் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பில் எழுதலாம், வருகிறவர்களுக்குச் சாம்பிள் காட்டலாம், ஷெட்டில் வேறு ஒருவன் தேய்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். சத்தம். பசை ஒவ்வொரு நிமிஷமும் இறுகிக்கொண்டிருக்கிறது, யோசித்துக்கொண்டு நிற்கிற நேரம் இல்லை. இந்த இடத்தில் டிக் என்று கேட்டதா இல்லையா. அது ஒன்றுதான் கேள்வி. மற்றதெல்லாம் அப்புறம். கேட்டால் எடுக்கிறேன். கேட்கவில்லை என்றால் போய்க்கொண்டே இருக்கிறேன். ஆனால் கேட்க வேண்டுமே.

"ஆவுடை, அந்த ரேடியோவ நிப்பாட்டு." நிறுத்தினாள். "ஃபேனையும்." மின்விசிறி கரகரத்து ஓய்ந்தது. "அண்ணாச்சி, ஒரு நிமிஷம் பேசாம நில்லுங்க." அவர் சுக்குக் காப்பியின் நடுவில் நின்றுவிட்டார். பட்டையை எடுத்து மூக்கிலிருந்து மெதுவாக இழுத்தேன். சர்ர். பள்ளத்தின் மேல் போகும்போது சத்தம் கனத்தது, பள்ளம் தாண்டியதும் மெலிந்தது, அது இயல்பு. கன்னம். டிக். கீழிருந்து மேலே இழுத்தேன். டிக். அதே இடம். ஆவுடை பக்கத்தில் வந்து நின்றாள். "என்ன மதினி?" "இந்த இடத்துல விரல வச்சுப் பாரு." அவள் ஆள்காட்டி விரலால் தடவினாள், திரும்பத் தடவினாள். "ஒண்ணும் இல்லையே. வழுவழுன்னுதான இருக்கு." அண்ணாச்சியும் வந்து குனிந்து, "ஒண்ணும் இல்ல தங்கச்சி, நல்லாத்தான் இருக்கான் கரடி" என்றார். நன்றாக இருக்கிறதாம். இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள், நான் சரி என்று சொன்னால் போதும். ஆவுடை என்னைப் பார்த்தாள். "உங்க விரலுக்கு என்ன தோணுது?" இதைத்தான் இத்தனை நாள் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று இருந்தேன். கேட்டுவிட்டாள். "என் விரலுக்கு ஒண்ணும் தோணாது" என்றேன். "ஆபரேஷன்ல இருந்து கட்டவிரலுக்கு உணர்ச்சி கிடையாது. சரியாயிட்டுன்னு சொன்னது சும்மா. எனக்குக் காதுலதான் கேக்கு. நீ அந்த ஓரத்தப் பிடி, எடுக்கப் போறேன்." ஆவுடை ஓரத்தைப் பிடித்தாள்.

ஹீட் கன்னை மெலிதாக ஓடவிட்டேன். சூடு கொடுத்து, தகரத்தோடு ஒட்டினாற்போல் மடக்கி, பின்னோக்கி, பின்னோக்கி. செங்குத்தாகத் தூக்கினால் இழுபடும், படுக்கவைத்தே உரிக்க வேண்டும். வினைல் முனகியது. கண் வந்தது, கன்னம் வந்தது, பள்ளத்தின் உதடு வந்தது. அங்கே, கடுகில் பாதி இருக்கும், மஞ்சளாக, காய்ந்த சந்தனச் செதில் ஒன்று. என் குச்சித் துணி அதன்மேல் போயிருக்கும், அது அசையாமல் இருந்திருக்கும். வினைலின் பக்கம் பசையில் ஒரு புள்ளி மட்டும் மங்கியிருந்தது, பரவாயில்லை, சூடு காட்டினால் தெளியும். ஸ்பிரிட் தொட்ட துணியின் நுனியால் செதிலைத் தூக்கினேன். "கரடிக்குப் பொட்டு வச்சுட்டாளே எம்பொண்டாட்டி" என்றார் அண்ணாச்சி, மெதுவான குரலில். துணியிலிருந்து அதை ஒற்றி எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். வைத்தது தெரியக்கூட இல்லை, அவ்வளவு சிறியது. ஆவுடை சிரிக்கவில்லை. ஓரத்தை விறைப்பாகவும் இல்லாமல் தொய்வாகவும் இல்லாமல் சரியாகப் பிடித்திருந்தாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருக்கிறவளுக்கு இது எப்படித் தெரியும். கன்னம் திரும்பத் தகரத்தில் படிந்தது. இழுத்தேன். சர்ர். கேட்டேன். கீழிருந்து மேலே இழுத்தேன். சர்ர். ஒன்றும் இல்லை. இல்லை என்றால் உண்மையிலேயே இல்லை. வாய் கோணவில்லை. காது, தோள், குச்சி ஐஸ் பிடித்த கை, நீல வானம், ஓரம். இடப்பாதி முடிந்தது.

நடு டேப்பை உரித்தேன். ஆவுடை உள்ளே போனாள். அவள் மேஜைமேல் போன் இருக்கிறது. போகட்டும். மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டியவள் அவள், நான் என்ன சொல்ல முடியும். பொய் சொன்னதற்கு அவள் என்னிடம் தனியாகச் சண்டை போடுவாள், போட வேண்டியதுதான். சிவகாசிப் பையன் வந்தாலும் வரட்டும், கனமான ஷீட்டைத் தூக்க ஆள் வேண்டும்தான், ஆனால் நான் நாற்காலிக்குப் போவதாக இல்லை. அதையும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வலப்பாதியை மடக்கிப் பின்தாளின் நுனியைத் தேடினேன், கட்டைவிரல் தேடாது, நகத்தால் தேடினேன், கிடைத்தது. கண்ணோரத்தில் ஆவுடை போனைக் கையில் எடுத்தது தெரிந்தது. காதில் வைக்கவில்லை. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை அடக்கி, மேஜையில் கவிழ்த்து வைத்தாள். ரேடியோவைப் போடவில்லை. வெட்டுகிற மெஷினில் வேலை பாதியில் நின்றது, அதையும் ஓட்டவில்லை. ஷெட் வாசலுக்கு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அண்ணாச்சி, "ஏன் தாயி, மத்தியானச் சாப்பாட்டுக்கு..." என்று ஆரம்பித்தார். அவள் உதட்டில் விரல் வைத்து அவரைப் பார்த்தாள், அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு சாண் பின்தாளை உரித்தேன். பட்டையைக் கரடியின் மூக்கில் வைத்து, வலப்பக்கமாக முதல் இழுப்பு இழுத்தேன். அந்தச் சத்தம் முழுதாகக் கேட்டது.